சைக்கிளைத் தாண்டிய பிறகு இரண்டு தட்டு

போன மாதம் ஒரு நிக்காஹ்வுக்காகச் சித்தையன்கோட்டைக்குப் போய், இரவு அங்கேயே தங்கி, மறுநாள் காலை திரும்பினேன். கிடைத்தது என் பழைய முதலாளியின் வண்டிதான். நான் இருபத்தாறு வருடம் கண்டக்டராக நின்று வந்த அதே தடம். வண்டி மட்டும் புதிது. பின்படிக்கட்டுக்குக் கண்ணாடி வைத்த கதவு போட்டிருக்கிறார்கள். டிரைவர் பொத்தானை அமுக்கினால் பெருமூச்சு விட்டுக்கொண்டு மூடிக்கொள்கிறது. இப்போதைய கண்டக்டர் ஜெயபால் என்னைப் பார்த்ததும், "வாங்க காஜா பாய்" என்று கடைசி வரிசையில் இடது ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்தார்.

செம்பட்டி தாண்டியதும் ஒரு சைக்கிள்காரரை வண்டி முந்தியது. டிரைவர் ஒழுங்காக வலது பக்கம் ஏறிப் போனார். முந்திய பிறகும் உடனே இடது பக்கம் ஒடிக்காமல் அப்படியே ஓட்டினார். ஜெயபால் கையைப் பின்னால் நீட்டிக் கதவில் இரண்டு தட்டு தட்டினார். அதன் பிறகே வண்டி இடது பக்கம் வந்தது. எனக்கு மனசு நிறைந்துவிட்டது. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். தட்டும்போது ஜெயபாலின் கண் டிக்கெட் மெஷினில் இருந்தது.

"பாய், இந்தத் தட்டுற வழக்கத்த நீங்கதான் ஆரம்பிச்சு வச்சீகளாம்ல? கதவுதான் வந்துருச்சே. அடுத்து கேமராவும் மாட்டப் போறாகளாம். இன்னும் எதுக்கு இந்தத் தட்டு?" என்று கேட்டார்.

செத்த நேரத்தில் சொல்லி முடிக்கக்கூடிய பதில் அல்ல அது. அதற்குள் ஒரு கல்யாணக் கூட்டம் ஏறிவிட்டது. "எழுதியே தாரேன் தம்பி" என்று சொல்லித் திண்டுக்கல்லில் இறங்கிவிட்டேன். நான் எழுதப் போகிறேன் என்று கேட்டதிலிருந்து என் மனைவி மெகராஜ் சிரித்துக்கொண்டிருக்கிறாள். சிரிக்கட்டும்.

நான் பேகம்பூர்க்காரன். அத்தா தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தார். அந்த வாடை ஒத்துக்கொள்ளாமல்தான் நான் பஸ்ஸுக்கு வந்தேன். வேலை பழக மூன்று மாதம் பிடித்தது. கூட்டத்துக்குள் நெளிந்து போக வேண்டும், ஓடுகிற வண்டியில் பிடிமானம் இல்லாமல் நிற்க வேண்டும், ஊர்ச் சண்டை வண்டிக்குள் ஏறினால் யார் பக்கமும் பேசக் கூடாது. படிப்பு அவ்வளவுதான். மற்றதெல்லாம் பின்படிக்கட்டில் நின்று கற்றது.

டிரைவருக்குத் தெரியாத பாதி வண்டி பின்படிக்கட்டில்தான் இருக்கிறது. அவர் உட்கார்ந்திருப்பது வலது கோடியில். இடது ஓரமாகப் போகும் சைக்கிள், வண்டியின் மூக்கு தாண்டியதும் அவர் பார்வையிலிருந்து மறைந்துவிடும். கண்ணாடி உண்டு. ஆனால் படிக்கட்டில் நாலு பேர் தொங்கினால் கண்ணாடியில் அந்த நாலு பேரின் சட்டைதான் தெரியும். சைக்கிள் மறைந்ததும் முந்தியாகிவிட்டது என்று டிரைவர் நினைக்கிறார். உண்மையில் அந்த நேரத்தில் சைக்கிள்காரர் வண்டியின் வயிற்றுக்குப் பக்கத்தில் இருக்கிறார். அவரைப் பொறுத்தவரை பஸ் அப்போதுதான் வர ஆரம்பித்திருக்கிறது.

தனியார் வண்டிக்கு நேரம்தான் சோறு. முன்னால் போகிறவன் நிறுத்தத்தில் நிற்கும் ஆட்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்விடுவான். அதனால் முந்தியதும் எதிரே லாரி வருவதற்குள் இடது பக்கம் வந்துவிட டிரைவருக்குக் கை துடிக்கும். இதற்காகத்தான் நானும் என் டிரைவர் பாண்டியும் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு வைத்திருந்தோம். சைக்கிள் என் படிக்கட்டையும் தாண்டிப் பின்னால் போனதை நான் கண்ணால் பார்ப்பேன். பார்த்துவிட்டுத் தகரத்தில் இரண்டு தட்டு தட்டுவேன். அது கேட்ட பிறகே பாண்டி ஒடிப்பான். நாங்கள் இருவர் மட்டும் வைத்திருந்த ஏற்பாடு அது. மேனேஜருக்குக்கூடத் தெரியாது. பாண்டி என் வயதுக்காரன். இறங்கினால் வாய் ஓயாது, ஸ்டியரிங்கைப் பிடித்தால் பேச்சே வராது.

மேனேஜர் துரைச்சாமி சாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. தினமும் சாயங்காலம் வண்டிகள் ஷெட்டுக்கு வந்து நின்றதும், ஒவ்வொன்றின் இடது பக்கத்தையும் முன்சக்கரத்திலிருந்து பின் பம்பர் வரை உள்ளங்கையால் தடவிக்கொண்டே நடப்பார். அய்யலூர்ச் சந்தையில் ஆட்டைத் தடவிப் பார்ப்பது போல இருக்கும். வலது பக்கம் போகவே மாட்டார். புதிதாகச் சேர்ந்த டிரைவர் ஒருவர், "சார், அந்தப் பக்கமும் கீறல் கெடக்கு" என்று காட்டினார்.

"அது லாரிக்காரனோடயும் பஸ்காரனோடயும் உரசுனதுப்பா. சரிக்குச் சரி. எடது பக்கம் நம்மளவிடச் சின்னவன் போற பக்கம். அங்க ஒரு கீறல் இருந்தா எனக்குத் தூக்கம் வராது" என்றார் சார்.

கீறல் தட்டுப்பட்டால் முதலில் டீ வரவழைப்பார். குடித்து முடிக்கும் வரை ஒரு வார்த்தை கேட்க மாட்டார். பிறகு ஷெட்டின் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் ரோடு வரைவார். அவருடைய டிபன் பாக்ஸ்தான் பஸ். மூக்குக்கண்ணாடிக் கூடுதான் சைக்கிள். டிரைவர் டிபன் பாக்ஸை நகர்த்த வேண்டும், கண்டக்டர் கண்ணாடிக் கூட்டை நகர்த்த வேண்டும். டிரைவர் எந்த இடத்தில் ஒடித்தாரோ அங்கே இருவரும் நிறுத்த, தையல்காரர்கள் வைத்திருக்கும் டேப்பை எடுத்து நடுவில் உள்ள இடைவெளியை அளப்பார். "இம்புட்டுதான் விட்டியா?" என்பார். அவ்வளவுதான் விசாரணை. திட்டியிருந்தால் மறந்திருப்போம். அந்த 'இம்புட்டுதான்' வீடு வரை கூட வரும்.

இனி செல்லமுத்து. வாழையிலை வியாபாரி, ஐம்பதை நெருங்கிய ஒல்லி ஆள். சித்தையன்கோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் விடியும்போதே இலை அறுத்து, கட்டுகளாக்கி, சைக்கிள் கேரியரில் குறுக்கே வைத்துக் கட்டி, இருபது கிலோமீட்டருக்கு மேல் மிதித்து, திண்டுக்கல்லில் மூன்று பிரியாணிக் கடைகளுக்குப் பத்து மணிக்குள் கொடுத்துவிட வேண்டும். மொபெட் வாங்கக் கூடாதா என்று கேட்டால், "அது உதறுற உதறல்ல இலை கிழிஞ்சிரும் பாய்" என்பார். மனுசனுக்கு மொபெட் ஓட்டப் பயம் என்று அவர் மனைவி பேச்சியம்மாள் பிறகு என்னிடம் சொன்னார். தினமும் எங்கேயாவது ஓரிடத்தில் எங்கள் வண்டி அவரை முந்தும். நான் படிக்கட்டிலிருந்து கையைத் தூக்குவேன். ஹேண்டில்பாரிலிருந்து அவரால் கையை எடுக்க முடியாது, அதனால் தலையை ஆட்டுவார். பல வருடமாக எங்கள் பழக்கம் இவ்வளவுதான்.

அன்றைக்கு முகூர்த்த நாள். வண்டியில் நிற்க இடமில்லை. செம்பட்டியில் ஓர் அம்மா பெரிய பித்தளை அண்டாவோடு ஏறினார். அண்டாவுக்கு லக்கேஜ் டிக்கெட் எடுக்கச் சொன்னேன்.

"அண்டாவுக்கு எதுக்குய்யா டிக்கெட்டு? அது என்ன சீட்டுலயா உக்காந்திருக்கு?" என்றார்.

"நீங்களும் நின்னுக்கிட்டுத்தான வாரீக? உங்களுக்கு டிக்கெட் எடுக்கலையா?" என்று நான் கேட்க, வண்டியே சிரித்தது. எனக்குச் சண்டை சூடு பிடித்துவிட்டது. ரோட்டுக்கு முதுகைக் காட்டி, அந்த அம்மாவைப் பார்த்து நின்று பேசிக்கொண்டிருந்தேன். வண்டி வலது பக்கம் ஏறியது. சைக்கிளை முந்துகிறான் பாண்டி என்று உடம்புக்குத் தெரிந்தது. அத்தனை வருடப் பழக்கத்தில் எவ்வளவு நேரத்தில் சைக்கிள் பின்னால் போகும் என்பதும் உடம்புக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். பேச்சை விடாமல், கையைப் பின்னால் நீட்டி இரண்டு தட்டு தட்டினேன். பாண்டி ஒடித்தான்.

சைக்கிளில் போய்க்கொண்டிருந்தது செல்லமுத்து. முகூர்த்தத்துக்காக வழக்கத்தை விட ஒரு கட்டு கூடுதலாக வைத்திருந்ததால் மெதுவாகப் போயிருக்கிறார். வண்டியின் பின்மூலை அவரைத் தொடவில்லை, அந்தக் கூடுதல் கட்டின் நுனியைத் தொட்டது. சைக்கிள் சுற்றிக்கொண்டு போய்ச் சரளையில் விழுந்தது. அவருடைய இடது கால் அதன் அடியில் கிடந்தது. ரோடெல்லாம் பச்சை இலை.

அதே வண்டியில் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அண்டாக்கார அம்மாதான் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. போலீஸ்காரர் வந்து கேட்டபோது செல்லமுத்து, "இலைக்கட்டு சாஞ்சிருச்சு சார், தடுமாறி விழுந்துட்டேன்" என்று சொல்லிவிட்டார். எனக்குக் காரணம் புரியவில்லை. கேட்கவும் தைரியம் இல்லை.

சாயங்காலம் ஷெட்டில் டீ வந்தது. குடித்தோம். சாக்பீஸ் ரோடு, டிபன் பாக்ஸ், கண்ணாடிக் கூடு. பாண்டி நகர்த்திக் காட்டினான்.

"எங்க ஒடிச்ச?"

"சைக்கிள் தாண்டுன பெறகுதான் சார்."

"தாண்டுனது உனக்கு எப்பிடித் தெரியும்?"

பாண்டி என்னைப் பார்த்தான். நான் கண்ணாடிக் கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தாண்டியிருக்கும்னு நெனச்சுட்டேன் சார். என் தப்புதான்" என்றான் பாண்டி.

டேப்பை அங்கே வைக்க இடமே இல்லை. மேனேஜர் அதைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டார். "நாளையிலருந்து வண்டி எடுக்க வேணாம். நான் சொல்றப்ப வா" என்று பாண்டியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

நான் பொய் சொல்லவில்லை, என்னை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான் என்று மூன்று நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வேறொரு டிரைவரோடு ஓடினேன். அவர் சைக்கிளை முந்தும்போதெல்லாம் என் கை தானாகத் தகரத்துக்குப் போகும், பிறகு வெட்கப்பட்டுத் திரும்பும். வீட்டில் சோறு இறங்கவில்லை. "என்னத்த முழுங்கிட்டு வந்தீங்க, வகுறு நெறைஞ்சு கெடக்கு?" என்று மெகராஜ் கேட்டாள். அவளிடம்தான் முதலில் சொன்னேன். "இத எங்கிட்ட ஏன் சொல்றீங்க?" என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான்காம் நாள் காலை மேனேஜர் முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் டீ வரவழைத்தார். குடித்து முடித்த பிறகு, நான் எதிர்பார்த்த எந்தக் கேள்வியும் வரவில்லை.

"இப்ப இலையை யாரு கொண்டுபோறா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. அந்த நான்கு நாளில் அது என் நினைப்பில் வரவே இல்லை. "போய்ப் பாத்துட்டு வா" என்றார்.

போய்ப் பார்த்தேன். பேச்சியம்மாள் இலையை அறுத்து, தலையில் சுமந்து, பஸ் ஏறி, இரண்டு நடையாகக் கொண்டுபோய்க் கொண்டிருந்தார். சேரும்போது பதினொன்று தாண்டிவிடுகிறது. "ஒரு கடை போயிருச்சு பாய். மத்த ரெண்டும் ஞாயித்துக்கெழம வரைக்கும் பாக்குறேன்னுருக்காக. அதுக்கு மேல வேற ஆளு வச்சுக்கிருவாக. பத்து வருசம் மிதிச்சுப் புடிச்ச கடைக" என்றார். திட்டுவார் என்று நின்றேன். "முள்ளு மேல இலை விழுந்தாலும், இலை மேல முள்ளு விழுந்தாலும் கிழியிறது இலைதான? உங்களச் சொல்லி என்ன?" என்று அடுத்த கட்டைக் கட்டப் போய்விட்டார். நான் செய்தது அவருக்குத் தெரியாது. தெரியப்படுத்தவும் எனக்கு நாக்கு எழவில்லை.

திரும்பி வந்து மேனேஜரிடம் சொன்னேன்.

"கால் கூடுற வரைக்கும் நீ மிதி. பத்து மணிக்குள்ள இலை கடையில இருக்கணும். ரெண்டாவது டிரிப்புக்கு வண்டிக்கு வந்துரு" என்றார்.

"சார், நம்ம மொத வண்டியிலயே ஏத்திக் கொண்டாந்து எறக்கிரலாமே?"

"எறக்கலாம். நம்ம வண்டியோட பின்பக்கம் எம்புட்டு நீளம்னு நீ எப்பத் தெரிஞ்சுக்கிருவ?"

பாண்டியை அன்றே வண்டிக்கு அழைத்துவிட்டார்கள். என்னைப் பார்த்ததும், "மூணு நாளா வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீக பாய்?" என்று கேட்டான். அதன் பிறகு என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டான்.

நான் சைக்கிள் மிதித்துப் பல வருடமாகியிருந்தது. தொப்பை வேறு. முதல் நாள் விடியற்காலை வண்டியில் சித்தையன்கோட்டை போய், பேச்சியம்மாள் கட்டி வைத்த கட்டுகளோடு ஏறி உட்கார்ந்ததும் சைக்கிள் என்னைக் கீழே தள்ளியது. தோட்டத்து ஆட்கள் வந்து தூக்கிவிட்டார்கள். செம்பட்டி வருவதற்குள் முழங்கால் இரண்டும் எனக்குச் சொந்தமில்லாதவை போல ஆகிவிட்டன.

முதலில் புரிந்தது ஓரம். 'ஓரமாப் போய்யா' என்று படிக்கட்டிலிருந்து நானே ஆயிரம் தடவை கத்தியிருக்கிறேன். எந்த ஓரம்? தார் ஒரு சாண் உயரத்தில் வெட்டிவிட்டது போல முடிகிறது. கீழே சரளை, அதற்கப்பால் கருவேல முள். பாரத்தோடு அதில் இறங்கினால் விழ வேண்டியதுதான். தாரின் விளிம்பில் ஒரு முழ அகலம்தான் சைக்கிள்காரருக்கு ஊர்.

அடுத்தது ஹாரன். தூரத்திலேயே அடித்தால் நல்லது, தயாராகிவிடலாம். முதுகுக்குப் பின்னால் வந்து அடித்தால் திடுக்கிட்டு வலது பக்கம் திரும்பிப் பார்ப்போம். தலை திரும்பினால் ஹேண்டில்பாரும் கூடவே கொஞ்சம் திரும்பும். அடித்தவன் எச்சரித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு போவான். அப்புறம் காற்று. பஸ்ஸின் மூக்கு தாண்டும்போது காற்று நம்மை முள்ளுப் பக்கம் தள்ளுகிறது. வால் தாண்டும்போது ரோட்டுப் பக்கம் இழுக்கிறது. தள்ளும்போது எதிர்த்துச் சாய்ந்திருப்போம், அதே சாய்வில் இருக்கும்போது இழுத்தால் எங்கே போவோம் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ எங்கள் கம்பெனி வண்டி ஒன்றே என்னை முந்தியது. முன்பக்கம் சலாம் வைத்துவிட்டுத் தள்ளிப் போனது. பின்பக்கம் அறைய வருவது போல நெருங்கி வந்தது. நான் தாரை விட்டு இறங்கிக் கட்டோடு சாய்ந்தேன். அன்று சாயங்காலம் அந்த டிரைவரைப் பிடித்துக்கொண்டேன்.

"அல்லா மேல ஆணையா ஒரு லாரி போற எடம் விட்டேன் பாய்!" என்றார், என் சாமியையே சாட்சிக்கு இழுத்து. அவர் பொய் சொல்லவில்லை. அவர் விட்ட இடம் அவர் சீட்டுக்கு நேராக இருந்தது. வால் என்ன செய்தது என்று அவருக்குத் தெரியாது.

இவர்களுக்குப் புத்தி சொல்லிப் பயனில்லை என்று தெரிந்தது. எனக்கே யாராவது சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டேன். மறுநாள் பேச்சியம்மாளிடம் ஒரு கழிவு இலை கேட்டு வாங்கினேன். ஒரு மூங்கில் பிளாச்சை கேரியரில் வலது பக்கமாக நீட்டிக் கட்டி, அதன் முனையில் அந்த முழு இலையையும் கட்டினேன். பாதி பிளாச்சில், பாதி வெளியே. ஹேண்டில்பாரிலிருந்து இரண்டரை முழம் ரோட்டுப் பக்கம் இலை நீட்டிக்கொண்டிருக்கும். எங்கள் வண்டி எதுவாவது இலையை ஒடித்துவிட்டுப் போனால், அந்த இலையை அப்படியே கொண்டுவந்து சாயங்காலம் அந்த டிரைவரின் சீட்டில் விரித்து வைத்துவிடுவேன். ஒன்றும் பேச மாட்டேன்.

முதல் வாரம் ஒரே கேலி. ஒருவர் அந்த இலையிலேயே தயிர்சோறு போட்டுச் சாப்பிட்டுவிட்டு, "நாளைக்குக் கொஞ்சம் பெருசா கொண்டாங்க பாய், வெஞ்சனம் வைக்க எடம் பத்தல" என்றார். இன்னொருவர், "காத்துல கிழிஞ்சதுக்கெல்லாம் நானா பொறுப்பு?" என்று மேனேஜரிடம் பிராது கொடுத்தார். மேனேஜர் இலையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "காத்துல கிழிஞ்சா நார் நாராக் கிழியும்ப்பா. இதுல நடுத்தண்டு ஒடிஞ்சிருக்கு. இது உன் வண்டிதான்" என்றார். அந்த இலையை ஷெட்டுச் சுவரில் ஓர் ஆணியில் மாட்டச் சொன்னார். அது காய்ந்து பழுப்பாகும் வரை அங்கேயே தொங்கியது.

எனக்கும் வாய் சும்மா இருக்காதே. டீக்கடையில் ஒருநாள் கேட்டேன். "தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போறாகளே, அவுகளுக்கு எம்புட்டு எடம் விடுறீக? எதிர் ஓரத்துக்கே போயி, ஹாரன் அடிக்காம, ஊர்ந்து போறீக. அதே ஆளு மறுவாரம் பச்சை வேட்டிய அவுத்து வச்சுட்டு சைக்கிள்ல வந்தா மட்டும் ஏன் இடிக்கிறீக? சாமி வேட்டியிலயா இருக்கு?" தயிர்சோற்றுக்காரர் பாதி டீயைக் கிளாஸிலேயே வைத்துவிட்டு வண்டிக்குப் போனார்.

பாண்டி அப்போதும் என்னோடு பேசவில்லை. ஒருநாள் காலை பின்னால் அவனுடைய வண்டிச் சத்தம் கேட்டது. அந்த எஞ்சினை எனக்குத் தெரியாதா? தூரத்தில் ஒரு சின்ன ஹாரன். பிறகு வண்டி எதிர் ஓரம் வரை ஏறியது. மூக்கு போனது, வயிறு போனது, வால் போனது. இலை ஆடவில்லை. வால் போன பிறகும் அவன் ஒடிக்கவில்லை. என் இடத்தில் நின்ற தற்காலிகக் கண்டக்டர் படிக்கட்டில் என்னைப் பார்த்துத் திரும்பி நின்று, தகரத்தில் இரண்டு தட்டு தட்டினார். அதன் பிறகு பாண்டி இடது பக்கம் வந்தான். சைக்கிளை நிறுத்தி, தார் ஓரத்தில் காலை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

சாயங்காலம் பாண்டியே வந்தான். "இலை கிழிஞ்சுச்சா?" என்று கேட்டான். இல்லை என்றேன். "அப்பக் கெளம்புங்க, டீ குடிப்போம்" என்றான்.

அதற்குப் பிறகு மற்ற டிரைவர்களும் தங்கள் கண்டக்டர்களைத் தட்டச் சொல்ல ஆரம்பித்தார்கள். சுற்றறிக்கை எதுவும் ஒட்டவில்லை. என் இலைக்குப் பயந்தார்கள் என்றும் சொல்லலாம், மற்றவர் இலையை ஒடிக்காமல் போகும்போது தான் மட்டும் ஒடித்துவிடக் கூடாது என்ற வீம்பு என்றும் சொல்லலாம். எனக்கு எதுவானாலும் சரி. "உங்க இலைத் தொல்லை தாங்கல பாய்" என்று திட்டிக்கொண்டே தயிர்சோற்றுக்காரர் எதிர் ஓரம் வரை ஏறிப் போவார்.

இரண்டு கடைகளும் நிலைத்தன. போன மூன்றாவது கடையும் ஒரு வெள்ளிக்கிழமை இலை பற்றாமல் என்னைக் கூப்பிட்டு, அப்படியே ஒட்டிக்கொண்டது. ஐம்பது நாள் போல மிதித்திருப்பேன். ஒருநாள் காலை போனபோது செல்லமுத்து வாசலில் சைக்கிளைச் சாய்த்து வைத்து டயரை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் விந்தினார். ஆனால் நின்றார்.

"என் சைக்கிள என்ன பண்ணி வச்சிருக்கீக பாய்? சீட்ட ஏத்திட்டீக. பெல்லு நாக்கக் காணோம்" என்றார்.

அந்த ஐம்பது நாளும் அவர் வீட்டு வாசலுக்குப் போய் வந்திருக்கிறேன். அவரிடம் கால் ஆறியதா, மாத்திரை சாப்பிட்டீர்களா என்று கேட்டிருக்கிறேன். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை. கம்பெனி அனுப்பித்தான் நான் மிதிக்கிறேன் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருப்பதாக எனக்குள் ஒரு நினைப்பு. இனி சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது.

"செல்லமுத்து, அன்னைக்குப் பாண்டி மேல தப்பு இல்ல. நான் தட்டித்தான் அவன் ஒடிச்சான். நான் பாக்காமலே தட்டிட்டேன்."

அவர் பம்பை எடுத்துக் காற்றடிக்க ஆரம்பித்தார். நாலைந்து அடி அடித்த பிறகு நிமிர்ந்தார்.

"தெரியும் பாய்."

"எப்பிடி?"

"தெனமும் கையத் தூக்குவீகள்ல? தலையாட்டுவோம்னு அன்னைக்கும் படிக்கட்டத்தான் பாத்தேன். உங்க முதுகுதான் தெரிஞ்சுச்சு. முதுகப் பாத்துக்கிட்டேதான் விழுந்தேன்."

"அப்புறம் ஏன் போலீஸ்காரர்கிட்டச் சொல்லல?"

"தெனமும் பாக்குற மொகம். ஒருநா முதுகுக்காக எப்பிடிப் பாய் சொல்றது?" என்றார். பிறகு மறுபடியும் குனிந்து காற்றடித்தார்.

நான் அழுதேன். எழுத வெட்கமாக இல்லை. பேச்சியம்மாள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

மறுநாளிலிருந்து முதல் டிரிப்புக்கும் நான் என் படிக்கட்டுக்குத் திரும்பினேன். ஓய்வு பெறும் வரை டிக்கெட் சண்டை எத்தனையோ வந்தது. சண்டைக்காரர்களைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு வெளியே திரும்பி நிற்பேன். "பாய்க்குப் பேச வரல, அதான் திரும்பிக்கிட்டாரு" என்பார்கள். சொல்லட்டும் என்று விட்டுவிடுவேன்.

ஜெயபால், இதுதான் அந்தத் தட்டு. கேமரா மாட்டட்டும், நல்லதுதான். வண்டியின் வால் டிரைவருக்கே தெரிந்துவிடும். தட்டே வேண்டாம் என்று நாளைக்கு முடிவு செய்தாலும் எனக்கு வருத்தமில்லை. ஆனால் தட்டுகிற வரைக்கும் திரும்பி நின்று பார்த்துத் தட்டுங்கள். கதவில் கண்ணாடி இருக்கிறது, உள்ளே நிற்பவர் வெளியே இருப்பவருக்குத் தெரிவார்.

இன்னொன்று. போன மாதம் செம்பட்டி தாண்டி நாம் முந்தினோமே, அந்தச் சைக்கிள்காரரை நீங்கள் பார்க்கவில்லை. செல்லமுத்துதான். அறுபதைத் தாண்டியும் மொபெட் வாங்கவில்லை. நான் ஜன்னலிலிருந்து கையைத் தூக்கினேன், அவர் என்னைக் கவனிக்கவில்லை. வழக்கம்போலத் தலையாட்டுவதற்காக அவர் பின்படிக்கட்டைத்தான் பார்த்தார். அங்கே உங்கள் முதுகு இருந்தது.